கோஸ்ட் நோட்டுகள்: ஒரு டிரம் பிரேக்கைச் சுத்தம் பண்ணப் போய்...

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, இருபது விநாடி டிரம்ஸ் துண்டு ஒன்றை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஜேம்ஸ் பிரௌனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் ஓடுகிற துண்டு. ஹிப்-ஹாப் வரலாற்றில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட ஒலிகளில் அது ஒன்று. அரை நூற்றாண்டுக்கு முந்தைய பதிவு, கொஞ்சம் மங்கல், கொஞ்சம் இரைச்சல். அதைத் தெளிவாக, 'பன்ச்'சோடு ஒலிக்க வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒலியின் உயரம் ஒரு அளவுக்கு மேல் போனால் விடு, கீழே போனால் அமுக்கு. ஸ்டுடியோக்காரர்கள் இதை நாய்ஸ் கேட் என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் அலைவடிவம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. ஒவ்வொரு அடியும் வயல்வெளியில் பனைமரம் மாதிரி தனித்தனியாக நிற்கிறது, நடுவில் சுத்தமான மௌனம். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். செத்துப்போயிருந்தது. தெளிவு இருந்தது, அடி இருந்தது, ஆனால் தலையாட்டத் தோன்றவில்லை.

புரோகிராமர் புத்தி, உடனே டிஃப் எடுக்கத் தோன்றியது. அசல் கோப்பிலிருந்து என் 'சுத்தமான' கோப்பைக் கழித்தேன். மிச்சம் என்ன இருக்கிறது, நான் எதைக் குப்பை என்று தள்ளினேன் என்று கேட்க வேண்டும். வெறும் இரைச்சல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் அங்கே ஒரு மனிதர் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்னேர் மேல் குச்சி மெதுவாகத் துள்ளுகிற சத்தம், பெரிய அடிகளுக்கு நடுவே நடுவே, விடாமல், ரகசியம் பேசுவது போல. நான் தூக்கி எறிந்ததில்தான் டிரம்மர் இருந்தார்.

அதற்கப்புறம் நிரலை மூடிவிட்டு வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் குறிப்புகள்.

அந்த மனிதரின் பெயர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1943-ல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்தவர். இசைப்பள்ளிக்குப் போய்ப் படித்தவர் இல்லை. ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள், ரயில்பாதைகள். அந்த யந்திரங்களின் தாளத்தைக் கேட்டுத்தான் தனக்கு வாசிப்பு வந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரௌன் குழுவில் சேர்ந்தார். 1967-ல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' அவர் வாசித்ததுதான். குழுவில் ஜாபோ ஸ்டார்க்ஸ் என்று இன்னொரு டிரம்மரும் இருந்தார். இருவருடைய பாணியும் வேறு வேறு. ஸ்டார்க்ஸ் நேராக, சிக்கனமாக வாசிப்பவர். ஸ்டபிள்ஃபீல்ட் இடைவெளிகளில் நிரப்புபவர்.

1969 நவம்பர் 20, ஒஹாயோ மாநிலம் சின்சினாட்டி, கிங் ஸ்டுடியோ. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பதிவு. பெரிதாகப் பாட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. குழு ஒரே சுழற்சியை வாசித்துக்கொண்டே இருக்கிறது, பிரௌன் மேலே பேசிக்கொண்டே போகிறார். பாதி தாண்டிய பிறகு, டிரம்மருக்கு இடம் கொடுங்கள் என்று குழுவுக்குச் சொல்கிறார். டிரம்மரிடம், தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டாம், இப்போது வாசிக்கிறதையே வாசி என்கிறார். எட்டு பார். டிரம்ஸ் மட்டும். இடையிடையே பிரௌனின் குரல் விழுகிறது. பாட்டின் பெயர் 'ஃபங்கி டிரம்மர்' என்று அவர் அறிவிப்பதும் அந்த இடத்தை ஒட்டித்தான். பாட்டுக்குப் பெயர் கிடைத்ததே அந்த வாசிப்பால் என்று தோன்றும். 1970-ல் இரண்டு பாகமாக உடைத்து சிங்கிளாக வெளியிட்டார்கள். அன்றைக்குப் பெரிய ஹிட் ஒன்றும் இல்லை.

அந்த எட்டு பாரில் என்னதான் இருக்கிறது? ஹை-ஹேட் பதினாறாகப் பிரிந்து ஓடுகிறது, அங்கங்கே லேசாகத் திறந்து மூடுகிறது. கிக் எதிர்பாராத இடங்களில் விழுகிறது. இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஸ்னேரின் பெரிய அடி. இதுவரை யாரும் கேட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெரிய அடிகளுக்கு நடுவே இடது கை சும்மா இருப்பதில்லை. குச்சியை ஸ்னேர் மேல் விட்டு விட்டு, மிக மெதுவாகத் துள்ள விடுகிறது. இதற்குத்தான் கோஸ்ட் நோட் என்று பெயர். பேய் மாதிரி: இருக்கிறது என்று தெரியும், பார்க்க முடியாது. ஒலியளவில் ஒரு அடி 20 டெசிபல் கீழே என்றால் அதன் அலையுயரம் பெரிய அடியில் பத்தில் ஒரு பங்கு. என் நிரல் மாதிரி உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் எதற்கும் அது இரைச்சலாகத்தான் தெரியும்.

சரி, இந்தத் துண்டுகளை வெட்டி எடுக்கும் பழக்கம் எங்கே தொடங்கியது? 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த ஒரு பார்ட்டியைச் சொல்வார்கள். ஜமைக்காவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர்தான் டிஜே. ஆடுகிறவர்கள் பாட்டின் அந்த டிரம்ஸ் இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்தக் காலத்தில் 'பன்ச்' என்றால் பெரிய ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஒலியை யாரும் திருத்தவில்லை, உரக்க வைத்தார்கள். கோஸ்ட் நோட்டுகளும் சேர்ந்து உரக்க ஒலித்தன.

திருத்தம் தொடங்கியது 80-களில். முதலில் டிரம் மெஷின்கள் வந்தன. ரோலண்ட் 808, லின், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ். அவற்றின் அடிகள் படு சுத்தம். ஆனால் ஒரு ஸ்னேர் அடிக்கும் அடுத்த ஸ்னேர் அடிக்கும் வித்தியாசமே கிடையாது. பிறகு ஒரு தற்செயல். க்வீன்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த தயாரிப்பாளர் மார்லி மார்ல், ஒரு பழைய ரெக்கார்டிலிருந்து குரல் துணுக்கு ஒன்றை சாம்பிள் எடுக்கப் போக, கூடவே ஒரு ஸ்னேர் அடியும் மாட்டிக்கொண்டது. அதைத் தட்டிப் பார்த்தால் டிரம் மெஷினின் ஸ்னேரை விட நன்றாக இருந்தது என்பது அவரே சொல்லும் கதை. அந்த ஒரு அடிக்குள் ஒரு அறை இருந்தது, ஒரு மைக் இருந்தது, டேப்பும் வினைலும் சேர்ந்து தந்த கனம் இருந்தது. 1986-ல் எம்சி ஷானின் 'தி பிரிட்ஜ்' பாட்டில் ஹனி டிரிப்பர்ஸின் 1973-ம் ஆண்டுப் பாட்டான 'இம்பீச் தி பிரெசிடென்ட்'டின் டிரம்ஸை அவர் உபயோகித்த பிறகு, நியூயார்க் முழுக்க எல்லோரும் பழைய ரெக்கார்டுக் கடைகளைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

'ஃபங்கி டிரம்மர்' மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் அதே 1986-ல்தான். 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்ற தொகுப்பில் முழு நீளப் பதிவும், அந்த பிரேக்கை மட்டும் சுற்றிச் சுற்றி ஓட்டிய தனிப் பதிவும் வந்தன. டிஜேக்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பப்ளிக் எனிமி, எல்எல் கூல் ஜே என்று வரிசையாக எல்லோரும் எடுத்தார்கள். ஹிப்-ஹாப்புக்கு வெளியே ஜார்ஜ் மைக்கேல், ஷினேட் ஓ'கானர் வரை அந்தத் தாளம் போனது.

இங்கேதான் எனக்குப் பிடித்த யந்திரம் வருகிறது: ஈமு நிறுவனத்தின் எஸ்பி-1200. 1987-ல் வந்தது. இதன் விவரங்களைப் பார்த்தால் இன்றைக்கு யாரும் இருபது ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார்கள். 12 பிட். விநாடிக்கு 26,040 சாம்பிள். மொத்த நினைவகம் 10 விநாடி. ஒரு தனித் துண்டுக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 'ஃபங்கி டிரம்மர்' நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 எண்ணிக்கை வேகம். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை என்றால் 2.4 விநாடி. அதாவது ஒரு துண்டில் ஒரே ஒரு பார்தான் உள்ளே போகும், அதுவும் வாசலில் தோள் இடிக்க. எட்டு பாரையும் சேர்த்தால் சுமார் 19 விநாடி. மொத்த யந்திரத்திலும் இடம் பத்தாது.

ஆகவே ஒரு தந்திரம் பண்ணினார்கள். 33 சுழற்சி எல்பியை 45-ல் ஓடவிட்டு வேகமாகப் பதிவு செய்தார்கள். பிறகு யந்திரத்துக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. பத்து விநாடி பதின்மூன்றரை விநாடி ஆகிவிடும். மெமரி பத்தாதபோது நாமும் தரவை அமுக்கி வைத்துப் பிறகு விரிக்கிறோமே, அதே வேலைதான், ஆனால் டர்ன்டேபிளை வைத்து.

இலவசமாக எதுவும் கிடைக்காது. விநாடிக்கு 26,040 சாம்பிள் என்றால் அதில் அடங்கும் அதிர்வெண்ணின் உச்சவரம்பு அதில் பாதி, சுமார் 13 கிலோஹெர்ட்ஸ். அதை 1.35 மடங்கு மெதுவாக்கினால் உச்சவரம்பும் இறங்கி 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதற்கு மேல் அசல் பதிவில் இருந்தது எல்லாம் போச்சு. கணக்குப்படி சத்தம் மந்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எஸ்பி-1200-ல் எடுத்த டிரம்ஸ் நெற்றிப்பொட்டில் அடிக்கும். ஏன்?

காரணம் அந்த யந்திரத்தின் சோம்பேறித்தனம். சுருதியை இறக்கும்போது நல்ல மென்பொருள் என்றால் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணக்கிட்டு வழவழப்பாக நிரப்பும். எஸ்பி-1200 அதெல்லாம் செய்யாது. இருப்பதையே திரும்பப் படிக்கும். அலை படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அந்தப் படிக்கட்டின் விளிம்புகள் அசலில் இல்லாத புது உயர் அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. எட்டு வெளியீடுகளில் கடைசி இரண்டில் வடிகட்டியே கிடையாது என்பதால் அந்தக் கரகரப்பு அப்படியே வெளியே வரும். அந்தக் கரகரப்பு அடியோடு சேர்ந்து எழுந்து, அடியோடு சேர்ந்து அடங்குகிறது என்பதுதான் விசேஷம். பின்னணி இரைச்சலாகத் தொங்குவதில்லை. காதுக்கு அது அடியின் கூர்மையாகத் தெரிகிறது.

12 பிட் என்றால் 4,096 படிகள். உச்சத்தில் இருக்கும் பெரிய அடிக்கு அவ்வளவும் கிடைக்கும். 20 டெசிபல் கீழே இருக்கும் கோஸ்ட் நோட்டுக்கு ஏறத்தாழ 410 படிகள். 40 டெசிபல் கீழே போன வால் பகுதிக்கு 41 படிகள்தான். ஆக, மெல்லிய சத்தங்கள் சொரசொரப்பாகின்றன, ஆனால் காணாமல் போவதில்லை. என் கேட் அவற்றை வெட்டி எறிந்தது. எஸ்பி-1200 அவற்றுக்கு மணல்தாள் போட்டு இன்னும் கொஞ்சம் தெரிய வைத்தது. நான் நவீனக் கருவியை வைத்துக்கொண்டு தோற்ற இடத்தில் 1987-ம் ஆண்டு யந்திரம் ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, துண்டின் நீளம். நினைவகம் கம்மி என்பதால் ஒவ்வொரு துண்டின் வாலையும் இரக்கமில்லாமல் நறுக்கினார்கள். அடி விழுந்ததும் சட்டென்று ஒரு குட்டி மௌனம். நம் சினிமாவில் பன்ச் டயலாக்குக்கு முன்னால் பின்னணி இசையை ஏன் நிறுத்துகிறார்கள்? வசனத்தை உரக்கச் சொல்வதால் மட்டும் அது பன்ச் ஆவதில்லை. சுற்றியுள்ளது அடங்க வேண்டும். டிரம்ஸிலும் அதேதான். ஒலியளவைக் கூட்டுவதும் பன்ச் கூட்டுவதும் வேறு வேறு வேலைகள். என்னுடைய தவறு அடக்கியதில் இல்லை. அடியோடு சேர்த்து வாசிப்பையும் அடக்கியதில்தான்.

அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டனுக்குப் போனால் இதே பிரச்சினைக்கு வேறு விடை. அங்கே அவர்கள் கையில் எடுத்தது 'ஏமென், பிரதர்'. வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-ல் அட்லாண்டாவில் பதிவு செய்த பாட்டு. சிங்கிளின் முன்பக்கத்தில் 'கலர் ஹிம் ஃபாதர்'. அது கிராமி விருது வாங்கியது. பின்பக்கத்தை நிரப்பப் போட்ட வாத்தியப் பாட்டுதான் 'ஏமென், பிரதர்'. ஒன்றரை நிமிடத்துக்கு அருகில் கிரகரி கோல்மன் தனியாக நான்கு பார் வாசிக்கிறார். ஏழு விநாடி. முதல் இரண்டு பார் சாதாரணம். மூன்றாவதில் ஒரு ஸ்னேர் அடியைத் தள்ளிப் போடுகிறார். நான்காவதில் முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டுவிட்டு, தடுமாறி விழுவது போலப் போய், சிம்பலை எதிர்பார்ப்பதற்கு முன்னாலேயே அடித்துவிடுகிறார்.

90-களின் தொடக்கத்தில் ஜங்கிள் இசைக்காரர்கள் இந்த ஏழு விநாடியை அகாய் எஸ்950, எஸ்1000 போன்ற சாம்ப்ளர்களில் ஏற்றி, அடி அடியாக வெட்டி, அடாரி கணினியில் வரிசை மாற்றி அடுக்கினார்கள். அசல் வேகம் நிமிடத்துக்கு 137 வாக்கில். அவர்களுக்கு வேண்டியது 165. ரெக்கார்டை வேகமாகச் சுற்றுவது போல ஓட்டினால் சுருதி மூன்று அரைச்சுரம் மேலே போகும். ஸ்னேர் இறுகும், வால் ஆறில் ஒரு பங்கு குறுகும். கிக்கின் அடிவயிற்றுக் கனம் மட்டும் காணாமல் போகும். அது போனால் போகட்டும் என்று விட்டார்கள். மிச்சமிருந்த கீழ்ப்பகுதியையும் வடிகட்டி எடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் தனியாக ஒரு சப்-பேஸ் வைத்தார்கள். பிரேக்குக்கு மேல்வீடு, பேஸுக்குக் கீழ்வீடு. இன்றைக்கும் டிரம்ஸ் தெளிவாக இல்லை என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மருந்து இதுதான்: டிரம்ஸைத் தொடாதே, அதன் காலை மிதித்துக்கொண்டிருப்பதை நகர்த்து.

கோல்மனின் வாசிப்பில் ஒரு சிக்கல் உண்டு. சிம்பலின் ஓசை எல்லா அடிகளுக்குள்ளும் கசிந்திருக்கிறது. ஸ்னேரை மட்டும் தனியாக வெட்டினாலும் அதன் பின்னால் சிம்பல் இழுத்துக்கொண்டு வரும். வெட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில மில்லிசெகண்ட் நீளத்துக்கு மங்கவிட்டால் போய்விடும். ஆனால் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. அந்தக் கசிவுதான் துண்டுகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒரே ஆள் வாசித்த மாதிரி ஒட்டவைக்கிறது. கேட் போட்டு அதைத் துண்டித்தால் ஜங்கிள் வெறும் டைப்ரைட்டர்.

கசிவு என்றதும் லெட் ஸெப்பெலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (1971) ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்துவிட்டு, பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மைக்குகளை மாடிப்படியின் மேலே கட்டினார். இரண்டே மைக். அதைக் கம்ப்ரசரில் இறுக்கினார்கள். அறையின் எதிரொலிதான் அங்கே டிரம்ஸே. 1986-ல் பீஸ்டி பாய்ஸ் அதை அப்படியே எடுத்து முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் போட்டார்கள். ஒரு மாடிப்படியையே சாம்பிள் எடுத்திருக்கிறார்கள்!

இப்போது என் லேப்டாப்புக்கு. இதையெல்லாம் படித்த பிறகு மறுபடி முயன்றேன். இந்த முறை கேட் கிடையாது. முதலில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எடுத்தேன். அங்கே டர்ன்டேபிளின் உறுமல் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. 300-லிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதை இரண்டு மூன்று டெசிபல் இறக்கினேன், அவ்வளவுதான். அப்புறம் அந்தத் துண்டைப் பிரதியெடுத்து இரண்டாக வைத்துக்கொண்டேன். ஒன்று தொடாத அசல். இன்னொன்றைக் கம்ப்ரசரில் போட்டு நசுக்கு நசுக்கென்று நசுக்கினேன். பிறகு நசுங்கியதை அசலுக்குக் கீழே மெதுவாகக் கலந்தேன். பேரலல் கம்ப்ரஷன் என்பார்கள். நியூயார்க் கம்ப்ரஷன் என்றும் ஒரு பெயர் உண்டு, ஊர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.

கம்ப்ரசர் செய்வது பெரியதை இறக்குவது. மொத்த அளவை மறுபடி ஏற்றினால் சின்னது மேலே வரும். நசுக்கிய பிரதியில் கோஸ்ட் நோட்டுகள் பெரிய அடிகளுக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்துவிடுகின்றன. அசல் பிரதியில் பெரிய அடிகளின் முனை மழுங்காமல் அப்படியே இருக்கிறது. கலந்தால் இரண்டும் கிடைக்கும். ஒரே பிரதியில் செய்வதென்றால் கம்ப்ரசரின் அட்டாக் நேரத்தை 20-30 மில்லிசெகண்டுக்கு வைக்க வேண்டும். ஸ்னேரின் முதல் 'டப்' பத்து மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். கம்ப்ரசர் கண் விழிப்பதற்குள் அடி தப்பித்துப் போய்விடும், உடம்பு மட்டும் மாட்டும். அட்டாக்கை ஒரு மில்லிசெகண்டுக்கு வைத்துப் பாருங்கள், மெத்தையில் அடிக்கிற மாதிரி இருக்கும். ரிலீஸ் நேரம் பாட்டின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். 100 வேகத்தில் பதினாறில் ஒரு துளி 150 மில்லிசெகண்ட். அதற்குள் கம்ப்ரசர் கையை எடுத்தால்தான் அடுத்த கோஸ்ட் நோட் மூச்சுவிடும்.

கிக்குக்குக் கனம் பத்தவில்லை என்று ஒரு புது கிக்கை அதன் மேல் அடுக்கினேன். இருந்த கனமும் போய்விட்டது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 16.7 மில்லிசெகண்ட். இரண்டு கிக்குகளும் அதில் பாதி, 8.3 மில்லிசெகண்ட் தள்ளி நின்றால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். விநாடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் அது 367 சாம்பிள். புது கிக்கை அலைவடிவத்தைப் பார்த்து நகர்த்தியதும் கனம் திரும்பி வந்தது. பிறகு கேட்டுப் பார்த்ததில், அந்தப் புது கிக்கே தேவையில்லை என்று எடுத்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் யந்திரங்களைப் பற்றிப் பேசிவிட்டேன். அந்தக் கைகளுக்கு என்ன கிடைத்தது?

'ஃபங்கி டிரம்மர்' பாட்டை இயற்றியவர் என்று பதிவில் இருப்பது ஜேம்ஸ் பிரௌன் பெயர் மட்டும். டிரம்மர் சம்பளத்துக்கு வாசித்தவர். தாளத்தை இயற்றுவதைச் சட்டம் பாட்டு இயற்றுவதாக எண்ணவில்லை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிக் காப்புரிமை வந்ததே 1972 பிப்ரவரி 15-லிருந்துதான். அதற்கு முந்தையவை மாநிலச் சட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சாம்பிள் எடுத்தால் அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தது. ஆனால் அனுமதிப் பணம் போனது உரிமை வைத்திருப்பவர்களுக்கு. குச்சி பிடித்தவருக்கு அதில் பங்கில்லை.

ஸ்டபிள்ஃபீல்ட் 70-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் குடியேறினார். திங்கட்கிழமை இரவுகளில் உள்ளூர் கிளப்பில் வாசித்தார், ஒரு பொது வானொலி நிகழ்ச்சியின் குழுவில் வாசித்தார். தன் வாசிப்பை எடுத்தவர்கள் பணம் தராததை மரியாதைக் குறைவாகவே பார்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2000-ல் புற்றுநோய் வந்தபோது சுமார் 90,000 டாலர் மருத்துவச் செலவைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் கட்டினார் என்பது, பிரின்ஸ் இறந்த பிறகு ஸ்டபிள்ஃபீல்ட் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சாம்பிளிங் பற்றிய 'காப்பிரைட் கிரிமினல்ஸ்' என்ற 2009-ம் ஆண்டு ஆவணப்படத்துக்காக அவர் புதிதாக பிரேக்குகள் வாசித்துக் கொடுத்தார், இசைக்காரர்கள் முறைப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று. 2017 பிப்ரவரியில் இறந்தார். அந்த வருடமே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கோல்மன் கதை அதைவிட மோசம். 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்தார். தன் ஏழு விநாடியின் மேல் ஒரு முழு இசை வகையே எழுந்து நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு என்றே குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கருதினார். 2015-ல் பிரிட்டனில் இணையம் வழியாக நிதி திரட்டி ஸ்பென்சருக்கு 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது ஒன்பது வருடம் பிந்திவிட்டது.

இதைப் படித்துவிட்டு அந்தக் கழித்தல் கோப்பை மறுபடி திறந்தபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நான் பண்ணியது இருபது வரி நிரல். ஆனால் ஒரு பதிவைப் பார்த்து, இது இசை, இது இரைச்சல் என்று கோடு போட்டது நான்தானே. கடன் பட்டியலில் பெயர் போடாதவர்களும் வேறொரு இடத்தில் அதே மாதிரி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக நான் வைத்துக்கொண்ட கோப்பில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கீழே கொஞ்சம் வெட்டு, நடுவில் கொஞ்சம் இறக்கம், நசுக்கிய பிரதி சுமார் 12 டெசிபல் கீழே. இரைச்சல் அப்படியே இருக்கிறது.

நேரம் இருந்தால் முழு நீளப் பதிவைத் தேடிக் கேளுங்கள். ஐந்தரை நிமிடம் வாக்கில் பிரேக் வரும். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை பெரிய ஸ்னேர் அடிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹெட்போன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் அது கேட்காது.